பள்ளி வாசலை மாற்றியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினருக்கும் பள்ளி வாரியத்தினருக்கும்,

பிள்ளைகளுக்கு வந்த டிங்கிக் காய்ச்சலை விரட்ட வாஸ்து பார்த்து, பள்ளியின் தெற்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டீர்கள். கிழக்கே புதிய வாசல் திறந்தாகிவிட்டது. அறிவியல் கூடத்தில் இருந்த நுண்ணோக்கிகள் அட்டைப் பெட்டிகளில் கட்டப்பட்டுப் படிக்கட்டின் அடியில் கிடக்கின்றன. அந்த அறை ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், இருக்கிறதாம். ஆகவே இனி அது பூசை அறை. இதற்கெல்லாம் 18,000 ரிங்கிட் செலவானது என்று ஜூலை மாதப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசித்தீர்கள். பலர் கைதட்டினார்கள். நானும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன், பேசவில்லை. அன்று எழுந்து கேட்டிருக்க வேண்டியதை இன்று எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பள்ளியின் பெயரை இங்கே குறிப்பிடமாட்டேன். அதன் பெயரைக் கெடுப்பது என் நோக்கம் அல்ல. தவிர, கோலாலம்பூரில் வேறு சில பள்ளிகளிலும் இதே பேச்சு தொடங்கியிருப்பதாகப் பழைய மாணவர்கள் சொல்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். என் பேரன் உங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். ஏப்ரல் முதல் ஜூன் வரை டிங்கிக் காய்ச்சலில் விழுந்த பதினொரு பிள்ளைகளில் அவனும் ஒருவன். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியதும் என் மகள் நிம்மதியாகச் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அன்று மாலை அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். மருத்துவமனையில் இரத்தத் தட்டணுக்கள் 38,000 என்றார்கள். நலமாக இருக்கும் பிள்ளைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். மூன்று இரவுகள் அந்தக் கட்டிலின் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மணிக்கொரு தரம் தாதி வந்து பார்த்தார். உள்ளே போகும் நீரை அளந்தார்கள், வெளியேறும் நீரையும் அளந்தார்கள். அவனைக் காப்பாற்றியது அந்த அளவெடுப்புதான். அதனால்தான், அளந்து பார்க்காமல் முடிவு செய்பவர்களைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பதினொரு பிள்ளைகள் படுத்த பிறகு, நீங்கள் அழைத்து வந்தது வாஸ்து நிபுணரை. அவர் திசைகாட்டியை வைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றினார். தெற்கு யமனுடைய திசை, அந்த வாசல் வழியாகத்தான் நோய் வருகிறது என்றார். யந்திரத் தகடு புதைக்கச் சொன்னார். ஈசானிய மூலையில் பித்தளை உருளி வைத்து நீர் நிரப்பிப் பூ மிதக்கவிட வேண்டும், ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், அதை அசைக்கக் கூடாது, நீர் குறைந்தால் மேலாக ஊற்றினால் போதும் என்றார். நீங்கள் அப்படியே செய்தீர்கள்.

அந்த உருளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேரனை அழைத்துவரப் போயிருந்தபோது, உருளி வைத்துப் பதின்மூன்றாம் நாள், அதன் அருகே குனிந்து பார்த்தேன். சாமந்திப் பூக்கள் அழுகி ஓரத்தில் ஒட்டியிருந்தன. ஒரு பூவை விரலால் விலக்கினேன். என் தலையின் நிழல் நீரில் விழுந்ததும் அடியில் ஏதோ நெளிந்தது. சற்று அசையாமல் நின்றேன். ஒவ்வொன்றாக மேலே வந்தன. வால் நுனியில் இருக்கும் மூச்சுக் குழலை நீர்மட்டத்தில் ஒட்டவைத்துத் தலைகீழாகச் சாய்ந்து தொங்கின. கொசுப்புழுக்கள். எண்ண முடிந்தவரை இருபத்து மூன்று. கொஞ்சம் நீரை ஜாம் போத்தலில் எடுத்து, வாயில் கொசுவலைத் துணியைக் கட்டி, வீட்டுச் சன்னலோரம் வைத்தேன். இரண்டு நாளில் சில புழுக்கள் காற்புள்ளி போலச் சுருண்ட கூட்டுப்புழு ஆயின. ஐந்தாம் நாள் காலை போத்தலுக்குள் ஆறு கொசுக்கள். கால்களில் வெள்ளை வளையங்கள். முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு. ஏடிஸ் அல்போபிக்டஸ். டிங்கியைப் பரப்பும் இரண்டு வகைக் கொசுக்களில் ஒன்று.

நம் நாட்டு வெயிலில் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாட்கள் ஆகும். 48 நாட்கள் அசைக்காத நீர் என்றால் எத்தனை தலைமுறைக் கொசு என்று உங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களையே கேளுங்கள், வகுத்துச் சொல்வார்கள். நோயை விரட்ட வைத்த பரிகாரம் நோய்க்குத் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உருளி வைத்தது ஜூலையில். பதினொரு பிள்ளைகளும் படுத்தது அதற்கு முன். ஆகவே அவர்களுக்கு நோய் உருளியிலிருந்து வரவில்லை. அப்படியானால் எங்கிருந்து? ஒவ்வொரு பெற்றோரையும் கைப்பேசியில் அழைத்துக் கேட்டு ஒரு தாளில் பள்ளி வரைபடம் போட்டேன். பதினொருவரில் ஒன்பது பேர் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்புறம் உள்ள இரண்டு வகுப்பறைகளைச் சேர்ந்தவர்கள். அந்தச் சன்னல்களுக்கு வெளியேதான், பசுமைப் போட்டிக்காகப் பழைய டயர்களுக்கு வண்ணம் தீட்டி அமைத்த தோட்டம் இருக்கிறது. பல டயர்களில் செடி செத்துவிட்டது; மழைநீர் மட்டும் தேங்கி நிற்கிறது. மாலைக் கூடுதல் வகுப்பும் அங்கேதான் நடக்கிறது. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், அதிலும் காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகமாகக் கடிக்கும்.

இது மட்டுமே முடிந்த முடிவு என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளை வீட்டிலும் கொசு கடித்திருக்கலாம். பதினொரு பேரை வைத்துக்கொண்டு அடித்துப் பேச முடியாது. ஆனால் தெற்கு வாசல்தான் காரணம் என்றால், அந்த வாசல் வழியாக நாள்தோறும் வந்துபோன மற்ற இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எப்படித் தப்பினார்கள்? வாசலை அடைத்த பிறகு, ஆகஸ்டு தொடக்கத்தில், மேலும் மூன்று பிள்ளைகள் ஏன் படுத்தார்கள்? அந்த மூவரில் இருவர் மீண்டும் அதே இரண்டு வகுப்பறைகள். இந்தக் கேள்விகளை நிபுணரிடம் ஒருவராவது கேட்டீர்களா?

இதே ஊரில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கேட்டார். 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் பெரிபெரி நோய் பரவியது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்று செத்தார்கள். ஏன் வருகிறது என்று தெரியாத காலம். இடத்தைப் பிடித்த நோய், கட்டடத்தில் குடியிருக்கும் கிருமி என்று படித்த மருத்துவர்களே நம்பினார்கள். அரிசியில்தான் கோளாறு என்று டாக்டர் பிராடன் போன்ற சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே பணியாற்றிய டாக்டர் வில்லியம் பிளெட்சர், நோயாளிகள் எல்லோரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்ணுக்காரர்களைக் கிழக்கு விடுதியில் தங்கவைத்தார். இரட்டைப்படைக்காரர்களை மேற்கு விடுதியில் வைத்தார். இருசாராருக்கும் ஒரே சாப்பாடுதான், அரிசி ஒன்றைத் தவிர. கிழக்கே தீட்டிய பச்சரிசி. மேற்கே புழுங்கல் அரிசி. நோய் கிழக்கே வந்தது.

அவர் அத்துடன் நிறுத்தியிருந்தால் உங்கள் நிபுணர் போன்றவர்கள் 'பார்த்தீர்களா, கட்டடக் கோளாறு' என்றிருப்பார்கள். ஆறு மாதம் கழித்து பிளெட்சர் ஆட்களை இடம் மாற்றினார். கிழக்கில் இருந்தவர்கள் மேற்கே, மேற்கில் இருந்தவர்கள் கிழக்கே. அவரவர் சாப்பிட்ட அரிசியை மாற்றவில்லை. நோய் கட்டடத்தோடு தங்கவில்லை. பச்சரிசி சாப்பிட்டவர்களோடு போயிற்று. பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் பெரிபெரியால் சாகவில்லை. தம் சம்மதத்தைச் சொல்ல முடியாத மனநோயாளிகளை இப்படிச் சோதனைக்கு உட்படுத்துவதை இன்று நாம் ஏற்கமாட்டோம், ஏற்கவும் கூடாது. அவர்கள் உயிரைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போன பாடத்தைத்தான் நாம் தூக்கிப் படிக்கட்டின் அடியில் போட்டிருக்கிறோம்.

இதில் நம் மக்களுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, தோட்டத்துத் தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். நம் குலதெய்வம் வலியது, அவர்களுடையது எளியது என்பதாலா? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயாமின் என்ற பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போகாது. நம் பாட்டிமார் காரணம் தெரியாமலே சரியானதைச் செய்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அது மற்றவர் உயிரையும் காத்தது.

மலேரியாவில் நாம் அப்படித் தப்பவில்லை. என் பாட்டனார் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காடு வெட்ட வந்தவர். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் குளிர்க்காய்ச்சல் வந்தால் முனி அடித்துவிட்டது என்று கோழி அறுப்பார்களாம். பாட்டி நான்கு பிள்ளைகளைப் புதைத்த கதையை ஒரே மூச்சில் சொல்வார், நடுவில் நிறுத்தினால் அழுதுவிடுவார் என்பதால். கொசுதான் மலேரியாவைக் கொண்டுவருகிறது என்று 1897இல் ரோனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டறிந்தார். 1901 முதல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வெட்டி வடிகால் அமைத்தார், காய்ச்சல் இறங்கியது. கோழி அறுத்த லயங்களுக்கும் ஒருநாள் வடிகால் வந்தது. பாட்டியின் ஐந்தாவது பிள்ளை என் அப்பா. அந்த வடிகால் இல்லையென்றால் இந்த மடலை எழுத நான் இல்லை.

இனி எனக்கு எழுதவே கை கூசுகிற செய்திக்கு வருகிறேன். நிபுணர் பிள்ளைகளின் பிறந்த நட்சத்திரங்களைக் கேட்டார். நீங்கள் வகுப்பு வகுப்பாகத் தாள் அனுப்பி வாங்கிக் கொடுத்தீர்கள். தோஷமுள்ள நட்சத்திரக்காரர்கள் சிலர் பள்ளியில் இருக்கிறார்கள், அவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வாசலில் வைக்க வேண்டும் என்றார். ஏழு பிள்ளைகள் வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் பேரன் வகுப்பில் ஆயில்ய நட்சத்திரத்தில் பிறந்த ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லி எத்தனை பெண்களின் வாழ்வைக் கெடுத்தோம். இப்போது பத்து வயதிலேயே தொடங்கிவிட்டோம். 'உன்னால்தான் எங்களுக்குக் காய்ச்சல் வந்தது' என்று வகுப்புத் தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். அவள் என் பேரனிடம் வந்து, மருத்துவமனையில் ஊசி போட்டது வலித்ததா என்று கேட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டாளாம். அவன் வீட்டுக்கு வந்து என்னிடம், 'பாட்டி, அவள் என்ன செய்தாள்?' என்றான். மூன்று வாரங்களாக அவள் பள்ளிக்கு வரவில்லை. வயிற்றுவலி என்று கடிதம் வருகிறது.

யாருக்கும் கெடுதல் இல்லாத நம்பிக்கை, மனநிறைவுக்காகச் செய்கிறோம் என்று பொதுக்கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கெடுதல் இதோ இருக்கிறது. அதற்குப் பத்து வயது.

நான் கோயிலுக்குப் போகிறவள். தைப்பூசத்துக்குப் பத்துமலைப் படி ஏறாத ஆண்டு குறைவு. பேரன் கண் விழித்த அன்று நானும் முருகா என்றுதான் சொன்னேன். பள்ளியில் காலை வழிபாடு வேண்டாம் என்று நான் எழுதவில்லை. கும்பிடுவது வேறு, கும்பிட்ட கையோடு டயரில் தேங்கிய நீரைக் கொட்டாமல் விடுவது வேறு. நம்மில் பலர் நல்ல வேலையில் இருக்கிறார்கள். செயலவையிலேயே ஒரு பொறியாளரும் ஒரு மருந்தாளரும் இருக்கிறீர்கள். உங்கள் தொழிலில் இப்படி அளக்காமல், சோதிக்காமல் ஒரு முடிவை எடுப்பீர்களா? பிள்ளைகளின் காரியத்தில் மட்டும் ஏன் எடுத்தீர்கள்? பயம் என்று எனக்குத் தெரியும். பதினொரு பிள்ளைகள் அடுத்தடுத்துப் படுத்தால் யாருக்கும் பயம் வரும். கைப்பேசியில் ஆயிரம் பேர் ஆயிரம் பரிகாரம் அனுப்புகிறார்கள். பயத்துக்கு உடனே விடை சொல்பவர் பெரியவராகத் தெரிகிறார். விசாரித்துச் சொல்கிறேன் என்பவர் ஒன்றும் தெரியாதவராகத் தெரிகிறார்.

ஆசிரியர்களையும் கேட்கிறேன். நட்சத்திரத் தாளை வகுப்பில் நீங்கள்தானே கொடுத்தீர்கள். அதே கையால் அடுத்த பாடவேளையில் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்தீர்கள். பிள்ளைகள் இரண்டில் எதை நம்புவார்கள்? தலைமையாசிரியருக்கும் வாரியத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் இருப்பது எனக்குப் புரிகிறது. நானும் அந்த நாற்காலியில் இருந்தவள்தான்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வெளிநாட்டுப் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வாங்கிவந்தால் பதாகை கட்டி வரவேற்கிறோம். அப்படி ஒரு பதாகை உங்கள் பள்ளி வேலியிலும் போன ஆண்டு தொங்கியது. அந்தப் பதக்கத்துக்குக் காரணமான கூடத்தைத்தான் பூட்டினீர்கள்.

2019இல் மட்டும் இந்நாட்டில் 1,30,000க்கும் மேற்பட்டோருக்கு டிங்கி வந்தது. 182 பேர் இறந்தனர். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கென்று 1975ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. கொசு வளரும் நீரைத் தேங்கவிட்டால் வீட்டுக்காரர் பொறுப்பு, பள்ளியானால் பள்ளி பொறுப்பு. ஏடிஸ் முட்டை காய்ந்த டயரின் உட்புறத்தில் மாதக்கணக்கில் ஒட்டியிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். டிங்கிக் கிருமி நான்கு வகை; ஒருமுறை வந்த பிள்ளைக்கு வேறு வகை இரண்டாம் முறை வந்தால் கடுமையாகும் ஆபத்து அதிகம். பதினான்கு பிள்ளைகளின் இரண்டாம் முறையைத் தடுக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் கேட்பது இவை. இந்த வாரத்துக்குள் உருளி நீரைக் கீழே கொட்டுங்கள். கால்வாயில் ஊற்றாதீர்கள், வெயில் படும் மண்ணில் கொட்டி உருளியைத் தேய்த்துக் கழுவுங்கள். டயர்களை அகற்றுங்கள், கூரைத் தகரத்தின் நீர்வழியை ஆள் ஏற்றிப் பாருங்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதி வளாகம் முழுவதையும் சோதிக்கச் சொல்லுங்கள். அவர்களுடைய அறிக்கையை, அதில் என் ஊகம் தவறென்று வந்தாலும், அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளைகள் எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக ஒரு கைவிளக்கைக் கொண்டுவந்து பத்து நிமிடம் தேங்கிய நீரைத் தேடட்டும். நான் வந்து கற்றுத்தருகிறேன், ஊதியம் வேண்டாம். அறிவியல் கூடத்தை அடுத்த தவணை தொடங்கும் முன் திறந்துவிடுங்கள். 18,000 ரிங்கிட்டில் நிபுணருக்கு எவ்வளவு, கொத்தனாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கணக்குக் காட்டுங்கள்; அது பள்ளி நிதிக்கான விருந்துக்கு டிக்கெட் வாங்கிய பெற்றோரின் பணம். நட்சத்திரத் தாள்களை எல்லாம் திரும்ப வாங்கிக் கிழித்துப்போடுங்கள், இனி எந்தப் பிள்ளையிடமும் அதைக் கேட்கமாட்டோம் என்று தீர்மானம் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, தலைவரும் தலைமையாசிரியரும் அந்தப் பெண்பிள்ளையின் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். அவளுடைய பெற்றோரிடம் அல்ல, அவளிடம் பேச வேண்டும். காய்ச்சல் கொசுவால் வந்தது, உன்னால் வரவில்லை, நாங்கள் தவறு செய்தோம் என்று அவள் காதுபடச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை சபைகூடலில் எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் அதையே மறுபடி சொல்ல வேண்டும்.

அடுத்த செயலவைக் கூட்டத்துக்கு வருகிறேன். கொசுக்கள் இருந்த அந்தப் போத்தலையும், வரைபடம் போட்ட தாளையும் கொண்டுவருகிறேன். உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
செந்தூல், கோலாலம்பூர்.